மருத்துவர் பதில்: குற்றப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு வந்தது, மகன் எப்போது வீடு வருவான்?

கேள்வி: என் மகனுக்கு 27 வயது, மனச்சிதைவு நோய். மருந்தை நிறுத்தியிருந்த நேரம், அப்பா சாப்பாட்டில் நஞ்சு வைக்கிறார் என்று நம்பி அவரைக் கத்தியால் குத்திவிட்டான். அவர் பிழைத்துக்கொண்டார். மனநோயால் குற்றப் பொறுப்பு இல்லை என்று ஒன்ராறியோ நீதிமன்றம் சொல்லி, மகனை வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்கிறது. எத்தனை வருடம் இருக்க வேண்டும்? கட்டாயப்படுத்தி ஊசி போடுவார்களா? வீட்டுக்குக் கூட்டிவர நான் என்ன செய்யலாம்?

பதில்: வருடக் கணக்கு கிடையாது, அம்மா. கனடிய குற்றவியல் சட்டத்தில் இது தண்டனையும் அல்ல, வழக்கிலிருந்து விடுதலையும் அல்ல. சிறைக்குப் போயிருந்தால் கழிந்திருக்கும் காலத்தைவிடக் குறையலாம், கூடவும் செய்யலாம்.

இனி முடிவெடுப்பது ஒன்ராறியோ மீளாய்வுச் சபை. நீதிமன்றம் தானே உத்தரவு எதுவும் போடாமல் விட்டிருந்தால், தீர்ப்பிலிருந்து 45 நாட்களுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். பிறகு வழக்கமாக 12 மாதத்துக்கு ஒரு தடவை. மற்றவர்களுக்குப் பாரதூரமான உடல் அல்லது உளத் தீங்கு வரும் ஆபத்து இருக்கிறதா என்று சபை பார்க்கும். அந்த மற்றவர்களில் உங்கள் கணவரும் அடக்கம். ஆபத்து ஆதாரத்தோடு நிலைநாட்டப்படாவிட்டால் முழு விடுவிப்புக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1999இல் விங்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆபத்து இருந்தால் நிபந்தனை விடுவிப்பு அல்லது வைத்தியசாலைத் தடுப்பு.

‘தடுப்பு’ என்ற சொல்லைக் கண்டதும் பெற்றோர் இடிந்துபோகிறார்கள். உத்தரவை முழுதாக வாசியுங்கள். தாதியோடு வளாகத்தில் நடப்பது, தனியே நகருக்குள் போய்வருவது, வைத்தியசாலை ஒப்புக்கொண்ட வீட்டில் வெளியே வசிப்பது எல்லாம் அதே தடுப்பு உத்தரவுக்குள் வரலாம். நோய் திரும்பினால் உடனே உள்ளே எடுக்கலாம் என்பதால் மருத்துவக் குழு பல நேரம் இதையே கேட்கும். அப்படி எடுத்து 7 நாளுக்கு மேல் சுதந்திரத்தைக் கணிசமாகக் குறைத்தால், வைத்தியசாலை சபைக்கு அறிவிக்க வேண்டும். சபை மறுபடி விசாரிக்கும். இந்தச் சபையில் பழகிய சட்டத்தரணியைப் பிடியுங்கள். வசதி இல்லாவிட்டால் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம்.

ஊசி விஷயம். மகன் சம்மதிக்காமல் சிகிச்சையை நிபந்தனையாக்கச் சபைக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சிகிச்சைபற்றித் தீர்மானிக்கும் ஆற்றல் அவருக்கு இல்லை என்று மருத்துவர் கண்டால், ஒன்ராறியோவின் சம்மதச் சட்டப்படி வேறொருவர் முடிவெடுப்பார். மணமாகாத மகனுக்கு அது பெரும்பாலும் தாயோ தகப்பனோதான். அப்போது உங்கள் விருப்பத்தைவிட, தெளிவாக இருந்த காலத்தில் அவர் சொல்லிவைத்த விருப்பம்தான் முதலில் வரும். மாதாந்த ஊசியை நான் ஆதரிக்கிறேன். குளிசையை நாக்கின் கீழ் ஒளிக்கலாம்; ஊசி தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், ஒவ்வொன்றையும் குறைந்தது 6 வாரம் கொடுத்தும் சந்தேகம் தணியாவிட்டால் க்ளோசபின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள். வெள்ளணுக்கள் குறையக்கூடும் என்பதால் முதல் 26 வாரம் வாராவாரம் இரத்தப் பரிசோதனை உண்டு. மலச்சிக்கலையும் சொல்லாமல் விடக்கூடாது, குடல் அடைத்து உயிர் போனதுண்டு. பலர் கவனிக்காதது புகை. வைத்தியசாலையில் புகைக்க முடியாது. வெளியே வந்து சிகரெட்டைத் தொடங்கினால், புகையிலுள்ள பொருட்கள் ஈரலைத் தூண்டி இந்த மருந்தை வேகமாக உடைக்கும். இரத்தத்தில் அதன் அளவு பாதிவரைகூட இறங்கலாம். ஒரு குளிசையும் தவறியிருக்காது, நோய் திரும்பியிருக்கும். நிக்கோட்டின் ஒட்டுப்பட்டி அப்படிச் செய்யாது. கஞ்சா 2018இலிருந்து சட்டப்படி கிடைக்கிறதுதான், ஆனால் மீளாய்வு உத்தரவுகளில் அதற்குத் தடையும் சிறுநீர்ச் சோதனையும் சாதாரணம்.

வீடு? அவசரப்படாதீர்கள். கணவருடன் தொடர்பு கொள்ளக்கூடாது என்று உத்தரவில் இருந்தால், உங்கள் தொலைபேசியை மகனிடம் நீட்டி ‘அப்பாவோடு கதை’ என்பதும் மீறல்தான். அது மகன் கணக்கில் ஏறும். கணவர் தன் மனதிலுள்ளதைப் பாதிக்கப்பட்டவராகச் சபைக்கு எழுதலாம். அவருக்குப் பயம் இருந்தால் அதை மறைக்கச் சொல்லாதீர்கள். முதலில் மேற்பார்வையுள்ள விடுதி, அங்கிருந்து பகல்நேரச் சந்திப்புகள் என்று போவது நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது வேறொன்று. சம்பவத்துக்கு முந்திய இரண்டு மாதத்தைத் திகதிவாரியாக எழுதுங்கள்: நித்திரை எப்போது குறைந்தது, யார் சமைத்ததைத் தொடாமல் விட்டார், கதவை எப்போது பூட்டத் தொடங்கினார், மருந்தை எப்போது விட்டார். வெட்கத்தால் இவற்றைக் குடும்பங்கள் மூடிவிடுகின்றன. அடுத்த தடவை எந்த அறிகுறியில் தலையிடுவது என்று குழுவுக்குத் தெரியாதவரை, வெளியே விடுவதற்கு அவர்கள் துணியமாட்டார்கள். எழுதியதை வைத்தியசாலை தன் அறிக்கையைத் தயாரிப்பதற்கு முன்பே சமூகப் பணியாளரிடம் கொடுங்கள். விசாரணை அன்று கையில் கொண்டுபோனால், அது சரியாகக் கவனிக்கப்படுவது அடுத்த வருடம்தான்.