தோப்ப விக்கிறதுக்கு முன்னால தம்பிக்கு கண்ண டெஸ்ட் பண்ணுங்க

குளச்சல் அண்ணே, உங்க வாய்ஸ் மெசேஜ் ரெண்டையும் கேட்டேன், ரெண்டாவதுல பின்னால உங்க வள்ளத்து இஞ்சின் ரிப்பேர் கடையில ஏதோ இஞ்சின் ஓடிட்டு இருந்ததால பாதி காதுல விழல, ஆனாலும் விஷயம் புரிஞ்சுது. உங்க பையன், நம்ம தம்பி, பிளஸ் டூ முடிக்கப் போறான், பைலட் ஆவணும்னு ஒத்தக்கால்ல நிக்கான், டெக்சாஸ்ல உங்க மச்சான் குடும்பம் சின்ன பிளேன் வச்சு ஃபிளையிங் ஸ்கூல் நடத்துது, போன லீவுக்கு வந்தப்ப அவங்க காட்டுன வீடியோவ பாத்ததுல இருந்து பையனுக்கு வேற ஒண்ணும் ஓடல, நீங்க இரணியல் பக்கம் உள்ள 40 சென்ட் தோப்ப வித்துரலாமான்னு கேக்கிறீங்க, வீட்டுல அக்கா வெசனத்துல சரியா சாப்பிடல. அதுபோக படிச்சிட்டு வந்தா கன்னியாகுமரியில ஒரு பிளேன் வாங்கி டூரிஸ்ட்டுகள ஏத்தி கடல சுத்திக் காட்டலாமான்னு ஒரு கேள்வி வேற.

தோப்ப இப்போ தொடாதீங்க. பைலட் படிப்புல பைசா கொட்டுறதுக்கு முன்னால சில ஆயிரம் ரூபாயில தெரிஞ்சுக்கக்கூடிய விஷயம் ரெண்டு மூணு இருக்கு, அதுல ஒண்ணு இல்லன்னு ஆச்சுன்னா தோப்பும் மிச்சம், பையனுக்கு ரெண்டு வருஷமும் மிச்சம். ஆனா முக்காவாசி பேரு இத தலகீழா பண்ணுறாங்க. முதல்ல அட்வான்ஸ் கட்டுறாங்க, அப்புறமாக்கும் டாக்டர்ட்ட போறாங்க. தக்கலை பக்கத்துல ஒரு அப்பா அப்படி 5 லட்சம் கட்டிட்டு வந்து எங்கிட்ட யோசன கேட்டு உக்காந்தாரு, பையனுக்கு சிவப்பு பச்ச நிறம் பிரிச்சுப் பாக்க வராதுன்னு அப்புறம் தெரிய வந்துது, அந்த பைசா திரும்ப வரல.

அதனால முதல்ல கிளாஸ் 2 மெடிக்கல், பைலட்டுக்குன்னு உள்ள முதல் உடம்பு பரிசோதனை. விமானத்துறைய கட்டுப்படுத்துற மத்திய அரசு ஆபீஸ் டிஜிசிஏ, அவங்க அனுமதி குடுத்த டாக்டர்மாரு லிஸ்ட் அவங்க வெப்சைட்டுலயே இருக்கு. கண்ணாடி போட்டா பரவாயில்ல, போட்ட பிறகு பார்வ சரியா இருந்தா போதும், நிறம் பிரிச்சுப் பாக்குறதுதான் பெரிய கண்டம், அதுக்கு அந்த புள்ளி புள்ளியா நம்பர் ஒளிச்சு வச்ச புஸ்தகத்த காட்டுவாங்க, அத நாகர்கோவில்ல எந்த கண் டாக்டர்ட்டயும் நாளைக்கே பாத்துரலாம். கிளாஸ் 2 கிடைச்ச பிறகு கிளாஸ் 1, அது கொஞ்சம் பெரிய பரிசோதனை, பெங்களூர்ல ஏர்ஃபோர்ஸோட மெடிக்கல் இன்ஸ்டிடியூட் மாதிரி குறிப்பிட்ட இடங்கள்லதான் எடுப்பாங்க. சம்பளத்துக்கு பிளேன் ஓட்டுற கமர்ஷியல் லைசென்ஸ் வேணும்னா கிளாஸ் 1 இல்லாம முடியாது, ஆகவே ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னால அதையும் கையில வாங்கிருங்க.

அடுத்தது பரிச்சை. பிளஸ் டூல பிசிக்ஸும் மேத்ஸும் இருக்குல்லா, நல்லது. டிஜிசிஏல பரிச்சைக்குப் பதிவு பண்ணி கம்ப்யூட்டர் நம்பர்னு ஒண்ணு எடுக்கணும், அதுக்கப்புறம் வழி கண்டுபிடிக்கிற நேவிகேஷன், வானிலை பத்தின மீட்டியராலஜி, ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல்ல ரெண்டுன்னு பேப்பர் எழுதணும், 100க்கு 70 எடுத்தாத்தான் பாஸ், ரேடியோ பேசுறதுக்கு தனி லைசென்ஸ். இந்த பேப்பர வீட்டுல இருந்தே படிச்சு எழுதலாம், ஒரு கிளாஸுக்குப் போனாலும் ஒண்ணு ரெண்டு லட்சத்தோட போயிரும். பிளேன்ல காலே வைக்காம நேவிகேஷனும் மீட்டியராலஜியும் பாஸ் பண்ணிட்டான்னா அவனுக்கு நெசமாவே ஆசதான், இல்ல வீடியோ பாத்து வந்த ஆவேசம்னா ரெண்டாவது மாசமே தெரிஞ்சுரும். இடையில ஒண்ணு, நம்ம ஊரு இனிஷியல் தொந்தரவு. மார்க் ஷீட்ல இனிஷியலோட ஒரு பேரு, பாஸ்போர்ட்ல அப்பா பேர விரிச்சு எழுதி வேற பேரு, ஆதார்ல இன்னொரு ஸ்பெல்லிங், இத இப்பவே ஒரே மாதிரி ஆக்கி வச்சிருங்க, பிறகு இதுக்காக மாசக்கணக்குல அலைஞ்ச பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

இப்போ பைசா கணக்கு. கமர்ஷியல் லைசென்ஸுக்கு மொத்தம் 200 மணி நேரம் பறக்கணும், அதுல 100 மணி நேரம் தான்தான் பைலட்டுன்னு பொறுப்பெடுத்து பறக்கணும், ராத்திரி பறக்கணும், வெளிய பாக்காம கருவிய மட்டும் பாத்து ஓட்டணும். இந்தியாவுல இதுக்கு 40 லட்சத்துல தொடங்கி 60 தாண்டியும் போகுது. 40ன்னே வச்சாலும் மணிக்கு 20,000 ரூபா ஆச்சு. லைசென்ஸ் வந்த அன்னைக்கு வேலையும் வந்துராது, ஏர்லைன்ஸ்ல பெரிய விமானம் ஓட்ட அந்த ரக விமானத்துக்குன்னு தனிப் பயிற்சி, டைப் ரேட்டிங்னு மறுபடி 15, 20 லட்சம் கேப்பாங்க. கமர்ஷியல் லைசென்ஸ ஃபிரேம் போடாத குறையா வச்சுக்கிட்டு ஒண்ணர வருஷம் வீட்டுல இருந்த பையன எனக்குத் தெரியும், இப்போ நல்லா இருக்கான், ஆனா அந்த ஒண்ணர வருஷமும் வட்டி ஓடிச்சு. தோப்ப வித்து 40 லட்சம் கிடைச்சா மீதிக்கு எங்க போவீங்கன்னு யோசிச்சுப் பாத்தியளா? வித்தா திரும்ப வாங்க முடியாது, பேங்க்ல வச்சு கடன் எடுத்தா தோப்பு பேருல நிக்கும் ஆனா தவணை நிக்காது, ரெண்டுக்கும் நடுவுல அக்காட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

ஸ்கூல் பாக்கப் போனா பளபளப்பான ஆபீஸ பாக்காதீங்க, பிளேன் நிறுத்துற ஹாங்கர்ல போய் எண்ணுங்க. எத்தன பிளேன் நிக்குது, அதுல இன்னைக்கு பறக்கிற நிலையில எத்தன, ஸ்டூடண்ட் எத்தன பேரு, இன்ஸ்ட்ரக்டர் எத்தன பேரு. எங்கிட்ட வந்த ஒரு பொண்ணு வடக்க ஒரு ஸ்கூல்ல மொத்த ஃபீஸையும் ஒரே செக்கா குடுத்துட்டு எட்டு மாசத்துல 40 மணி நேரம் கூட பறக்கல, ஒரு பிளேன் ஸ்பேர் வரலன்னு நிக்கும், இன்னொண்ணு நிக்கும், பனிக்காலத்துல எல்லாமே நிக்கும். பறந்த மணிக்கு ஏத்தாப்புல தவணையா வாங்குவாங்களான்னு கேளுங்க, முகம் மாறுதான்னு பாருங்க. டிஜிசிஏவே 2025ல இருந்து ஃபிளையிங் ஸ்கூல்களுக்கு தரவரிசை போட ஆரம்பிச்சிருக்கு, அதையும் பாத்துக்குங்க. ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்ச்ல இருக்க ராஷ்ட்ரிய உரான் அகாடமிக்கு என்ட்ரன்ஸ் உண்டு, அத கண்டிப்பா எழுதட்டும். நமக்கு பக்கத்துல திருவனந்தபுரத்துல கேரள அரசோட அகாடமி இருக்கு. நம்ம மாவட்டம் 1949 வரைக்கும் திருவிதாங்கூர்லதான இருந்துது, 1932ல அந்த அரச குடும்பத்து கோத வர்மா ராஜா முன்ன நின்னு ஃபிளையிங் கிளப் தொடங்குன இடந்தான் அந்த ஏர்போர்ட்டு, 1935ல டாட்டாவோட குட்டி விமானம் அங்க இருந்து பம்பாய்க்கு கிளம்புச்சு, பறக்கணும்ங்கிற ஆச இந்தப் பக்கத்துக்கு புதுசு ஒண்ணும் இல்ல.

மச்சான் விஷயத்துக்கு வாரேன். அவங்க வாழ்க்கைய நான் குறைச்சு சொல்லல, அமெரிக்காவுல சின்ன ஊர்ல கூட ரன்வே இருக்கும், வீட்டுக்காரர் சொல்லிக் குடுப்பாரு, வீட்டம்மா போன எடுத்து புக்கிங்கும் கணக்கும் பாப்பாங்க, பிள்ளைங்க சனி ஞாயிறு எண்ணெ ஊத்தி கண்ணாடி துடைக்கும், நம்ம ஊர்ல குடும்பமா ஒரு வொர்க்‌ஷாப் நடத்துறது மாதிரிதான். ஆனா வீடியோவுல தெரியாத கணக்கு கொஞ்சம் இருக்கு. நாலு பிளேன் நிக்குதுன்னா நாலும் அவங்களுதான்னு கேளுங்க, அங்க வேற ஒருத்தர் வாங்குன பிளேன ஸ்கூல் வாடகைக்கு எடுத்து ஓட்டுறது ரொம்ப சாதாரணம். செஸ்னா 172 மாதிரி ஒரு நாலு சீட்டு பிளேன் மணிக்கு 30 லிட்டருக்கு மேல குடிக்கும், பைசா வாங்கி சொல்லிக் குடுக்கிற பிளேனுக்கு 100 மணி நேரத்துக்கு ஒரு தடவ இன்ஸ்பெக்‌ஷன், 2000 மணி நேரம் ஓடுன இஞ்சின முழுசா பிரிச்சுப் பண்ணணும்னு கம்பெனி சொல்லும், ஆகவே பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் ஒரு தொகைய எடுத்து தனியா வைக்காத குடும்பம் அந்த 2000ம் மணி அன்னைக்கு கடன் வாங்கும். சொல்லிக் குடுக்க வர சின்னப் பசங்களும் நிலைக்க மாட்டாங்க, அங்க ஏர்லைன்ஸ்ல சேர பொதுவா 1500 மணி நேரம் வேணும், அது நிறைஞ்சதும் போயிருவாங்க, வள்ளத்துக்கு ஆளு கிடைக்காத சீசன் மாதிரி மச்சான் வருஷம் பூரா ஆளு தேடணும்.

தம்பிய மாமா ஸ்கூல்லயே சேத்துரலாம்னு நீங்க நினைக்கிறதுலயும் ஒரு சிக்கல். வெளிநாட்டு ஸ்டூடண்ட்ட எடுத்து விசா பேப்பர் குடுக்க ஸ்கூலுக்கு தனி அனுமதி வேணும், குடும்பமா நடத்துற சின்ன ஸ்கூல் நிறையத்துக்கு அது கிடையாது. அனுமதி இருந்தாலும் பறக்குற படிப்புக்கு பெரும்பாலும் எம்-1ங்கிற தொழிற்படிப்பு விசா, படிக்கிற காலத்துல மாமா ஸ்கூல்ல கூட சம்பளத்துக்கு நிக்க முடியாது. லைசென்ஸோட இங்க வந்தாலும் டிஜிசிஏ பேப்பர் எழுதி இந்திய லைசென்ஸா மாத்தணும். சொந்தம்னு நினைச்சு கூச்சப்படாம மச்சான்ட்ட "அந்த அனுமதி உங்ககிட்ட இருக்கா"ன்னு ஒத்த வரியில கேட்டுருங்க.

கன்னியாகுமரி டூரிஸ்ட் பிளேன்... அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நம்ம மாவட்டத்துல இறங்க ஒரு ஏர்போர்ட் கிடையாது. திருவனந்தபுரத்துல நிறுத்தி வச்சு ஓட்டுனாலும், பிரைவேட்டா பதிவு பண்ண பிளேன்ல ஒருத்தர்ட்டயும் டிக்கெட் பைசா வாங்கக்கூடாது, வாங்கணும்னா அதுக்குரிய ஆபரேட்டர் பெர்மிட், அதுக்கு ஆளு, ஆபீஸ், மெயின்டெனன்ஸ் எல்லாம் டிஜிசிஏ சொல்ற கணக்குல வச்சிருக்கணும். பிளேன் அலுமினியத் தகடு, கடக்கரை உப்புக்காத்து அவுட்போர்டு இஞ்சின என்ன பண்ணும்னு உங்களுக்கு நான் சொல்லவா வேணும்.

இனி நான் எழுத வந்த முக்கியமான விஷயம். போன ஆவணியில எங்க சித்தப்பா வள்ளத்து இஞ்சின உங்க கடைக்கு கொண்டு வந்தப்ப நானும் கூட வந்தேன், உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நீங்க சாப்பிடப் போயிட்டீங்க, தம்பிதான் இருந்தான். கார்புரேட்டர கழட்டி ஒவ்வொரு சாமானையும் பழைய தினத்தந்திய விரிச்சு அதுல கழட்டுன வரிசையிலயே வச்சான், ஒரு சின்ன ஸ்பிரிங்க வச்ச இடத்துல பேனாவால வட்டம் போட்டு நம்பர் எழுதுனான். அப்புறம் மண்ணெண்ணெய ஒரு கண்ணாடி குப்பியில பிடிச்சு வெயிலுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, அடியில வெள்ளம் நிக்குதான்னு பாத்துட்டு, சித்தப்பாட்ட "இஞ்சின்ல ஒண்ணும் இல்ல மாமா, எண்ணெய்தான்"னான். எனக்கு அப்பவே என்னமோ பண்ணுச்சு. ஏன்னா சின்ன பிளேன்ல ஏறுறதுக்கு முன்னால பைலட்டும் மெக்கானிக்கும் பண்ணுறது இதேதான், றெக்கைக்கு அடியில உள்ள வால்வுல குப்பிய அமுத்தி நீல நிற பெட்ரோல பிடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, அடியில வெள்ளம் நிக்குதான்னு பாக்குறது. அந்த செஸ்னா இஞ்சின்ல நாலு சிலிண்டர், ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பிளக், அதுக்கு தீப்பொறி குடுக்க ரெண்டு மேக்னட்டோ, ஒண்ணு செத்தாலும் மத்தது ஓடும். டயமண்ட் கம்பெனியோட சில ட்ரெயினர் பிளேன் ஜெட் எண்ணெயில ஓடும், அது நல்லா சுத்திகரிச்ச மண்ணெண்ணெ, உங்க கடைக்கு தூரத்துச் சொந்தம்னு வச்சுக்குங்க.

இதுக்குன்னு ஒரு லைசென்ஸ் இருக்கு, ஏர்கிராஃப்ட் மெயின்டெனன்ஸ் என்ஜினியர், ஏஎம்இ. பிளேன ரிப்பேர் பண்ணி "இது பறக்கலாம்"னு கையெழுத்து போடுறவரு இவருதான், அந்தக் கையெழுத்து இல்லாம கேப்டன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் கிளப்ப முடியாது. பிளஸ் டூ பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் போதும், பைலட் செலவுல ஒரு சின்னப் பங்குதான் ஆகும், பிஸ்டன் இஞ்சின் சின்ன பிளேனுக்கு பி1.2, ஜெட்டுக்கு பி1.1, எலக்ட்ரானிக்ஸ் பக்கத்துக்கு பி2ன்னு பிரிவு. வேலை ஜெட் பக்கந்தான் அதிகம், ஆகவே பி1.1 நல்லது. ஏஎம்இ சொல்லிக் குடுக்க டிஜிசிஏ தர சிஏஆர்-147 அனுமதி இருக்க ஸ்கூல்தானான்னு மட்டும் பாக்கணும், நம்ம ஊர்ல ஏவியேஷன்னு போர்டு மாட்டிட்டு டிப்ளமா குடுக்கிறவங்க நிறைய, அந்த டிப்ளமாவ வச்சு பிளேன்ல கையெழுத்து போட முடியாது. பி.இ. ஏரோநாட்டிக்கல் படிச்சாலும் அந்த லைசென்ஸ் தானா வராது, இது தெரியாம நாலு வருஷம் படிச்சிட்டு வந்து கேக்கிறவங்க வருஷத்துக்கு ரெண்டு மூணு பேரு எங்கிட்ட வாராங்க. ஏஎம்இயும் லேசான வழி கிடையாது, படிப்பு முடிஞ்சும் அனுபவம் காட்டணும், மாடியூல் பரிச்சை ஒண்ணொண்ணா எழுதணும், முதல்ல சம்பளம் கம்மி, ராத்திரி ஷிப்ட் உண்டு.

தம்பிக்கு இது ரெண்டாம் பட்சமா தோணும், "மெக்கானிக் ஆகவா இவ்வளவு படிச்சேன்"னு கேப்பான், அப்பா கடைய விட்டு வெளிய போணும்னு நினைக்கிற வயசு அது. நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம், நான் பேசுறேன். அவன் பறக்கவே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன், மெடிக்கல் வந்து, நேவிகேஷன் பேப்பரும் பாஸ் பண்ணி, அப்பவும் பறக்கணும்னா தோப்ப பத்தி அன்னைக்கு பேசலாம்.

வாற சனிக்கிழம சாயங்காலம் நாலு மணிக்கு மேல வடசேரிக்கு வாங்க. அரையாண்டு மார்க், ஆதார், பாஸ்போர்ட் இருந்தா அது, பழைய கண்ணாடி சீட்டு, எல்லாம் எடுத்துட்டு வாங்க. அக்காவையும் கூட்டிட்டு வாங்க, மெசேஜ் ரெண்டுலயும் நீங்கதான் பேசுனீங்க, அவங்க என்ன கேக்க நினைச்சாங்கன்னு எனக்கு இன்னும் தெரியல.