வாசகர் கேள்வி–பதில்: பீட்டிலுக்குள் போர்ஷே எஞ்சின்

பழைய காற்றுக்குளிர் கார்களில் ஆற்றல் மிகுந்த ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்களைப் பொருத்துவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம்.

ஜெர்மனியில் எடுக்கப்பட்ட ஒரு காணொளியில், 1960களின் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்று போர்ஷே 911 எஞ்சினுடன் ஓடுவதைப் பார்த்தேன். இரண்டு கார்களுக்கும் எஞ்சின் பின்புறம்தான், இரண்டும் காற்றால்தான் குளிர்கின்றன, இரண்டும் போர்ஷே குடும்பத்திலிருந்து வந்தவை. அப்படியானால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டினால் வேலை முடிந்துவிடாதா? – வாசகர், கோவை

நீங்கள் சொல்லும் உறவு உண்மையானது. 1948இல் ஆஸ்திரியாவின் க்முண்ட் ஊரில் பிறந்த போர்ஷே 356, பீட்டிலின் எஞ்சினையும் பல உதிரிபாகங்களையும் திருத்தி எடுத்துக்கொண்டுதான் உருவானது. அதனால் 1950களிலும் 60களிலும் 356இன் நான்கு சிலிண்டர் எஞ்சினைப் பீட்டிலில் பொருத்துவது ஐரோப்பாவில் அரிதான செயலாக இருக்கவில்லை. பெரிய வெட்டு ஒட்டு வேலை இல்லாமலே அது பீட்டிலின் கியர்பாக்ஸோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் 1963இல் அறிமுகமான 911இன் எஞ்சின் ஆறு சிலிண்டர் கொண்ட, நீளத்திலும் எடையிலும் கூடுதலான, முற்றிலும் புதிய வடிவமைப்பு. அதைப் பீட்டிலின் கியர்பாக்ஸோடு இணைக்க அதற்கேற்ற ஃபிளைவீல் (எஞ்சினின் சுழற்சியைக் கிளட்சுக்குத் தரும் கனமான சக்கரம்) வேண்டும். பின்பக்கத் தகட்டையும் பெரும்பாலும் வெட்ட வேண்டிவரும்.

இவ்வளவும் லேத் வேலை தெரிந்த ஒரு பட்டறையில் முடிந்துவிடக்கூடியவைதான். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. 1200 சிசி பீட்டிலின் எஞ்சின் 34 குதிரைத்திறனும் ஏறத்தாழ 82 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். 1980களின் 911 கரேராவில் இருந்த 3.2 லிட்டர் எஞ்சினோ 231 குதிரைத்திறனும் 284 நியூட்டன் மீட்டரும் தருகிறது. பீட்டிலின் கியர்பாக்ஸ், கிளட்ச், ஆக்சில் எல்லாம் முதல் கணக்குக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டவை. மூன்றரை மடங்கு முறுக்குவிசையை அவை நெடுநாள் தாங்க மாட்டா. ஆகவே எஞ்சினோடு 911இன் கியர்பாக்ஸும் வந்தாக வேண்டும்.

பிரேக்கைப் பற்றி இன்னும் கவனமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கேள்வி அனுப்பிய யாரும் அதைக் கேட்கவில்லை. 34 குதிரைத்திறன் பீட்டிலின் உச்ச வேகம் மணிக்கு சுமார் 115 கிலோமீட்டர். அதன் நான்கு டிரம் பிரேக்குகளும் அந்த வேகத்துக்கானவை. அதே கார் 200 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால், வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை என்றாலும், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால் நிறுத்தும்போது பிரேக்குகள் மூன்று மடங்கு ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கரைத்தாக வேண்டும். சூடேறிய டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். மிதி தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. எஞ்சின் வாங்கக் கையில் பணம் வைத்திருப்பவர் முதலில் நான்கு டிஸ்க் பிரேக்குகளை வாங்கட்டும் என்பது என் உறுதியான கருத்து.

பின் ஆக்சிலையும் மாற்ற வேண்டும் என்கிறார்களே, ஏன்? பழைய ஆக்சிலை வலுப்படுத்தினால் போதாதா? – வாசகர், திருச்சி

போதாது. பழைய பீட்டிலில் இருப்பது ஸ்விங் ஆக்சில். அதாவது, ஒவ்வொரு பக்கத்து ஆக்சில் குழாயும் கியர்பாக்ஸ் அருகே உள்ள ஒரே மூட்டில் மட்டும் அசையும். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் சாய்வும் சேர்ந்தே மாறும். வளைவில் வேகமாகப் போகும் ஓட்டுநர் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்புறம் எழும்புகிறது. வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கி, டயரின் ஓரம் மட்டும் சாலையைத் தொடுகிறது. கணப்பொழுதில் பின்புறம் சுழன்றுவிடும். இது குழாயின் வலுக் குறைவால் நேர்வதன்று, அதன் வடிவவியலால் நேர்வது. அதனால்தான் எவ்வளவு தடித்த குழாயைப் போட்டாலும் குணம் மாறாது. பீட்டிலின் எஞ்சின் ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ளது, 911இன் எஞ்சின் 180 கிலோவை ஒட்டியது. கூடும் எடை முழுவதும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பின்புற எடை போர்ஷே நிறுவனத்துக்கே தலைவலியாக இருந்தது. தொடக்ககால 911 கார்களின் முன் பம்பருக்குள் பக்கத்துக்கு 11 கிலோ வீதம் இரும்புக் கட்டிகளை வைத்துச் சமன் செய்தார்கள்; பிறகு 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தையே 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். 911 ஸ்விங் ஆக்சில் கொண்ட கார் அல்ல என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பீட்டிலில் நிலைமை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது விளங்கும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூட்டுகள் உள்ள இரட்டை மூட்டு ஆக்சிலும், சக்கரத்தைத் தாங்கும் சாய்வுக் கைகளும் கொண்ட பின் அமைப்பை ஃபோக்ஸ்வாகனே 1302, 1303 மாடல்களில் கொடுத்தது. இத்தகைய மாற்றத்துக்குக் கார் தேடுபவர்கள் அந்த மாடல்களிலிருந்தே தொடங்குவது நல்லது.

ரேடியேட்டரே இல்லாத எஞ்சினுக்குப் பதிலாக ரேடியேட்டரே இல்லாத இன்னொரு எஞ்சின். குளிர்விப்பதில் சிக்கல் எதுவும் வராதல்லவா? – வாசகர், மதுரை

வரும். காற்றுக்குளிர் எஞ்சினின் வெப்பத்தில் கணிசமான பங்கை ஆயில்தான் சுமந்து செல்கிறது. பீட்டிலின் எஞ்சினுக்கு இரண்டரை லிட்டர் ஆயில் போதும். 911இன் எஞ்சினுக்கோ பத்து லிட்டருக்கும் மேல் வேண்டும், அதுவும் எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில். அந்தத் தொட்டிக்கு இடம் கண்டுபிடித்து, 3 லிட்டரும் அதற்கு மேலும் உள்ள எஞ்சினாக இருந்தால் காரின் முன்புறம் ஓர் ஆயில் கூலரை வைத்து, காரின் நீளம் முழுவதும் போகவர இரண்டு குழாய்களை இழுக்க வேண்டும். இன்னொன்று: சிலிண்டர்களைக் கடந்து கீழே வெளியேறும் சூடான காற்று மீண்டும் மேலே ஃபேனுக்கு வராதபடி எஞ்சின் அறையைச் சுற்றித் தகடும் ரப்பரும் முழுமையாக மூடியிருக்க வேண்டும். நூறு ரூபாய் ரப்பர் பட்டை தானே என்று அதை விட்டுவிட்டு விலையுயர்ந்த எஞ்சினை எரித்துக்கொண்டவர்கள் உண்டு.

அமெரிக்காவில் பீட்டிலுக்கு ஷெவர்லே கோர்வேர் எஞ்சின் போட்டார்களாமே? – வாசகர், யாழ்ப்பாணம்

போட்டார்கள். 1960 முதல் 1969 வரை தயாரான கோர்வேரும் பின்புறம் ஆறு சிலிண்டர் காற்றுக்குளிர் எஞ்சின் கொண்டதுதான்; விலையும் போர்ஷேயை விட மிகக் குறைவு. ஒரே வேறுபாடு, அந்த எஞ்சின் எதிர்த்திசையில் சுழலும். அப்படியே மாட்டினால் முன்னே போக ஒரே ஒரு கியரும் பின்னே போக நான்கு கியர்களும் கிடைக்கும். கியர்பாக்ஸைத் திறந்து, ஆக்சிலைச் சுழற்றும் ரிங் கியரை மறுபக்கம் திருப்பி வைத்தோ, எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை எதிர்த்திசைக்கானதாக மாற்றியோ அதைச் சரிசெய்தார்கள்.

ஃபியட் 500 காரில் இதைச் செய்ய ஆசை. எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுக்கலாம்? – வாசகர், புதுச்சேரி

ஃபியட் பொறியாளர் டான்டே ஜியாகோசா வடிவமைத்து 1957இல் வெளிவந்த ஃபியட் 500, 479 சிசியும் 13 குதிரைத்திறனும் கொண்ட, ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள கார். அவ்வளவு இலகுவான காரில் பத்து குதிரைத்திறன் கூடினாலே ஓட்டுபவருக்கு நன்றாகத் தெரியும். ஃபியட் 126இன் 652 சிசி எஞ்சினையும், சிங்க்ரோமெஷ் (கியர் மாற்றும்போது வேகங்களைச் சமன்செய்யும் அமைப்பு) உள்ள அதன் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பொருத்துவதுதான் இத்தாலியில் நெடுங்காலமாகப் பழகிய வழி. உடலை வெட்ட வேண்டியதில்லை. இதைவிட அழகான முன்மாதிரி ஆஸ்திரியாவில் உண்டு. ஃபியட் 500இன் உடலை வாங்கித் தன் சொந்த இரட்டைச் சிலிண்டர் பாக்ஸர் எஞ்சினை (சிலிண்டர்கள் எதிரெதிராகப் படுத்திருக்கும் எஞ்சின்)ப் பொருத்தியது கிராஸ் நகரின் ஸ்டெயர்–பூஹ் நிறுவனம். அதன் 650 டிஆர் காரை ஓட்டிப் போலந்தின் சோபியெஸ்வாவ் ஜசாடா 1966இல் ஐரோப்பிய ராலி பட்டம் வென்றார்.

நீங்களே ஒரு பீட்டிலுக்கு எஞ்சின் தேர்ந்தெடுப்பதானால்? – வாசகர், சேலம்

போர்ஷே 914இல் வந்த 2 லிட்டர், நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறன் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பேன். அது ஃபோக்ஸ்வாகன் 411இன் எஞ்சினிலிருந்து உருவானது. பீட்டிலின் எஞ்சினை விடச் சற்றே கனம் கூடியது, மக்னீசியத்துக்குப் பதில் அலுமினியத்தாலான உறுதியான உடல் கொண்டது. ஃபேன் அமைப்பை மட்டும் பீட்டிலில் உள்ளதுபோல் நிமிர்ந்த வகைக்கு மாற்ற வேண்டும். முன்புறம் டிஸ்க் பிரேக்கும் இரட்டை மூட்டு ஆக்சிலும் கொண்ட 1303 காரில் இது இயல்பாகப் பொருந்தும். பழைய எஞ்சினை எண்ணெய் பூசிப் பத்திரமாக வைத்திருந்தால், என்றாவது காரைப் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும். ஐம்பது ஆண்டு தாங்கி வந்த ஒரு தகட்டை நம் காலத்தில் வெட்டுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

இத்தகைய மாற்றங்களைச் சட்டம் அனுமதிக்கிறதா? – வாசகர், சென்னை

நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் 2025இல் விதி மாறும் வரை, மாற்றியமைத்த கார் தன் பழைய பதிவு எண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் வேண்டியிருந்தன. வெட்டப்படாத மூலச் சேஸிக்கு 5 புள்ளிகள், எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. ஆக, எஞ்சினை மாற்றுவதை விடச் சேஸியை வெட்டுவதுதான் அங்கே பெரிய இழப்பாக இருந்தது. ஜெர்மனியில் ஒவ்வொரு காரையும் ஆய்வுப் பொறியாளர் தனியாகப் பரிசோதித்து, பிரேக் முதலியவை புதிய ஆற்றலுக்குப் போதுமானவையா என்று பார்த்தே ஒப்புதல் தருகிறார்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற்றும் கிட் போன்றவற்றுக்கே விலக்கு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி, மாற்றிய உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஆகவே நம் சாலைகளில் ஓடும் பீட்டிலுக்கு, அதன் சொந்த எஞ்சினை முறையாகப் பிரித்துப் புதுப்பிப்பதே இன்று திறந்திருக்கும் வழி.