முதுகைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: கணவர் வேலை நிமித்தம் யோகோஹாமாவில் இருக்கிறோம். டோக்கியோ ஜிம்போச்சோவில், பழைய புத்தகக் கடையொன்றில், 19-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் மரக்கட்டை அச்சு மழைப் படத்தை 8,000 யென்னுக்கு வாங்கினேன். மூங்கில்கள் காற்றில் சாய, பல்லக்குத் தூக்கிகள் மேட்டில் ஓடுவார்களே, அது. பின்பக்கம் சாயம் இறங்கிக் கறையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? இவர் லேமினேட் செய்து ஹாலில் மாட்டலாம் என்கிறார்.

பதில்: முதலில் உங்கள் வீட்டுக்காரரை லேமினேஷன் கடைப்பக்கம் போகவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

அந்தக் கறை நல்ல சேதி. செதுக்கிய கட்டையில் சாயம் தடவி, தாளை அதன்மேல் விரித்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரென்’ என்ற வட்டத் தட்டால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். சாயம் நாருக்குள் இறங்கிவிடும். சாய்த்துப் பிடித்தால் தேய்த்த சுழிகள்கூடத் தெரியலாம். பூதக்கண்ணாடியில் முன்பக்கத்தையும் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இயந்திர அச்சு. வண்ணம் சீராகப் படிந்திருந்தால் கைவேலையாக இருக்கலாம்.

ஆனால் ஹிரோஷிகே காலத்துப் பிரதியா? அந்த விலைக்கு வாய்ப்பில்லை. உங்களுடையது, தோக்கைதோ என்ற பழைய நெடுஞ்சாலையின் ஊர்களைக் காட்டி 1833-34 வாக்கில் வந்த பட வரிசையில் ‘ஷோனோ’ என்ற ஊர். முதல் பிரதிகளில், படத்திலுள்ள குடையிலேயே பதிப்பாளர் தன் பெயரைப் போட்டுக்கொண்டார், அன்றைக்கே விளம்பரம்! 20-ஆம் நூற்றாண்டிலும் புதிதாகக் கட்டை செதுக்கி இதை அச்சிட்டிருக்கிறார்கள். அடுத்த முறை ‘ஃபுக்கோகுவா?’ என்று கேளுங்கள்; மறுசெதுக்கல் என்று பொருள். அப்படிச் சொல்லி விற்றால் அதில் மோசடி இல்லை.

பழைய அசலே வேண்டுமென்றால் பெரிய பெயர்களை விடுங்கள். குனிசாதா, குனிசிகா என்ற 19-ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் கபுகி நாடக நடிகர் படங்கள் அந்தக் காலத்தில் ஏராளமாக அடித்து விற்ற சரக்கு. மூன்று தாள் படத்தில் பிரிந்துபோன ஒற்றைத் தாள் இன்னும் மலிவு. எனக்கு ஆசையெல்லாம் 20-ஆம் நூற்றாண்டு அச்சு ஓவியர் யோஷிதா ஹிரோஷிமேல்தான். 1930-31இல் இந்தியா வந்து தாஜ்மஹாலை வரைந்தவர், நம் மதுரைக் கோயிலையும் விடவில்லை. விளிம்பில் ‘ஜிசுரி’ முத்திரை இருந்தால் அவர் மேற்பார்வையில் அச்சானது. விலைதான் கையைக் கடிக்கும்.

சரி, ஹாலிலேயே மாட்டுங்கள், வெயில் படாத சுவரில். படத்தைச் சுற்றி அமிலமில்லாத அட்டை போதும். பசையும் செல்லோடேப்பும் வேண்டாம், கண்ணாடி தாளைத் தொடக்கூடாது. பால்கனிக்கு எதிரே நான் மாட்டிய ஒரு படத்தை மூன்று கோடை கழித்துச் சட்டத்திலிருந்து எடுத்தேன். அட்டை மறைத்திருந்த விரற்கடை அகலத்தில் மட்டும் வானம் ரோஜா நிறத்தில் இருந்தது. மற்ற இடமெல்லாம் ஆறிய டீ நிறம்.