வாசகர் கேள்வி – பதில்: ஹோம் தியேட்டருக்கு நாமே வடிவமைக்கும் தொடுதிரை ரிமோட்

கேள்வி: மாடியில் ஓர் அறையைச் சிறிய ஹோம் தியேட்டராக மாற்றியிருக்கிறோம். புரொஜெக்டர், ஏ.வி. ரிசீவர் (மற்ற கருவிகளை இணைத்து, படத்தைத் திரைக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் அனுப்புவது), டி.டி.எச். செட்டாப் பாக்ஸ், புளூ-ரே பிளேயர், ஸ்ட்ரீமிங் ஸ்டிக் என்று ஐந்து கருவிகள், ஐந்து ரிமோட்டுகள். செயலியின் கட்டளையை வை-ஃபையில் பெற்று, ரிமோட்டைப் போலவே அகச்சிவப்பு ஒளியாக அனுப்பும் அகச்சிவப்புக் கருவி ஒன்றை வாங்கி, பழைய எட்டு அங்குல டேப்லெட்டில் பொத்தான்களை விருப்பப்படி அமைக்கும் செயலியையும் நிறுவினேன். ஐந்து ரிமோட்டுகளின் எல்லாப் பொத்தான்களையும் ஐந்து பக்கங்களில் வரைந்துவிட்டேன். ஆனால் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. என் தாயார் பழைய ரிமோட்டுகளையே தேடுகிறார். எங்கே பிழை?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஐந்து ரிமோட்டுகளையும் அப்படியே கண்ணாடிக்கு அடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். சீரியல் பார்க்க வேண்டுமென்றால் எந்தெந்தக் கருவி இயங்க வேண்டும், ரிசீவர் எந்த உள்ளீட்டில் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் தாயார் இப்போதும் தாமே நினைவில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது; அதற்கு மேல், விரலால் தடவியே பொத்தானை அறிந்துகொள்ளும் வசதியும் அவர் கையை விட்டுப் போய்விட்டது. அவர் பழைய ரிமோட்டைத் தேடுவது நியாயம்தான்.

பக்கங்களைக் கருவிவாரியாகப் பிரிக்காமல், வீட்டார் செய்யும் செயல்வாரியாகப் பிரியுங்கள். முதல் பக்கத்தில் ‘டி.வி.’, ‘படம்’, ‘ஓ.டி.டி.’, ‘பாட்டு’, ‘எல்லாம் நிறுத்து’ என்று ஐந்து பெரிய பொத்தான்கள் இருந்தால் போதும். ‘டி.வி.’ என்பதைத் தொட்டவுடன் புரொஜெக்டரும் ரிசீவரும் செட்டாப் பாக்ஸும் உரிய வரிசையில் இயங்கி, ரிசீவர் உரிய உள்ளீட்டுக்கு மாறி, திரையில் டி.வி. பார்ப்பதற்கான பக்கம் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் செட்டாப் பாக்ஸின் சேனல் பொத்தான்களும் ரிசீவரின் ஒலிப் பொத்தான்களும் அடுத்தடுத்து இருக்கும்; எது எந்தக் கருவிக்குரியது என்று பயன்படுத்துபவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை.

எந்தப் பொத்தான்கள் அந்தப் பக்கத்தில் இடம்பெற வேண்டும் என்பதை ஊகத்தால் முடிவு செய்யாதீர்கள். ஒரு வாரம் அறையில் ஒரு நோட்டை வைத்து, யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று குறித்துவாருங்கள். நாற்பது, ஐம்பது பொத்தான்கள் கொண்ட ரிமோட்டில் அன்றாடம் கை படுபவை பத்துக்குள் அடங்கிவிடுவதைக் காண்பீர்கள். மாதம் ஒருமுறை தேவைப்படுகிற படவிகிதம், ஒலித் தாமதத் திருத்தம், புரொஜெக்டரின் லென்ஸ் சரிசெய்தல் போன்றவற்றை ‘மற்றவை’ என்ற பின்பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்றையும் விட மனமில்லாமல் எல்லாவற்றையும் முன்னால் வைப்பதுதான் இந்த வேலையில் ஆர்வமுள்ளவர்கள் எல்லாரும் விழும் குழி.

அடுத்து அளவு. தொடுதிரையில் ஒரு பொத்தான் குறைந்தது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான வடிவமைப்பு வழிகாட்டுதல். அது வெளிச்சத்தில், கண்ணருகே பிடித்துப் பார்க்கும் கைப்பேசிக்கானது. விளக்கை அணைத்துவிட்டு, பெரிய திரையிலிருந்து கண்ணை எடுக்க விரும்பாமல் ஒரு கையால் தட்டுகிறவருக்கு அது போதாது. உங்கள் எட்டு அங்குலத் திரை 16:10 விகிதத்தில் இருந்தால், நிமிர்த்திப் பிடிக்கும்போது ஏறத்தாழ 108 மி.மீ. அகலமும் 172 மி.மீ. உயரமும் கிடைக்கும். ஓரங்களில் நான்கு நான்கு மி.மீ. விட்டு, 30 மி.மீ. அகலமுள்ள மூன்று பத்திகளை 5 மி.மீ. இடைவெளியுடன் அமைத்தால் அகலம் சரியாக நிறைந்துவிடும். 25 மி.மீ. உயரத்தில் ஐந்து வரிசைகள் வைத்த பின்பும், இப்போது எது இயங்குகிறது என்று காட்டும் பட்டை ஒன்றுக்கு மேலே இடமிருக்கும். அதாவது ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பொத்தான்கள்தான் உச்சவரம்பு. பத்தோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. வரைந்த பிறகு அதே அளவில் ஓர் அட்டையை வெட்டி, கட்டங்களைப் பேனாவால் போட்டு, விளக்கை அணைத்து அம்மாவின் கையில் கொடுத்துப் பாருங்கள். செயலியில் மணிக்கணக்கில் திருத்துவதைவிட அந்த அட்டை அதிகம் சொல்லும்.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான பொத்தான்கள் எந்தப் பக்கத்திலும் இம்மியும் இடம் மாறக்கூடாது. அஞ்சறைப் பெட்டியில் கடுகு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று பார்க்காமலே கை போவதற்குக் காரணம், அது என்றைக்கும் அதே கிண்ணத்தில் இருப்பதுதான். ஒலி கூட்டல், ஒலி குறைத்தல், மியூட் ஆகியவை வலது ஓரப் பத்தியிலும், ‘முகப்பு’ இடது கீழ் மூலையிலும் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், புளூ-ரே பக்கத்தில் இடம் நெருக்கடியாக இருக்கிறது என்பதற்காகக்கூட அவற்றை நகர்த்தாதீர்கள். திரையின் ஓரங்களும் மூலைகளும் டேப்லெட்டின் சட்டத்தால் விரலுக்குத் தாமே தட்டுப்படுபவை. ஆகவே அடிக்கடி வேண்டியவற்றை அங்கே வையுங்கள். ‘எல்லாம் நிறுத்து’ மட்டும் கை தவறிப் படாத மேல்பகுதியில், இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் மட்டுமே இயங்குவதாக இருக்கட்டும். படத்தின் உச்சக்கட்டத்தில் புரொஜெக்டர் அணைந்துவிட்டால், மறுபடி ஏற்றுவதற்குள் வீட்டார் பொறுமை இழந்துவிடுவார்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்புப் பின்னணியில் மங்கலான செம்மஞ்சள் எழுத்து போதுமானது. வெள்ளைப் பின்னணி கண்ணைக் கூசச் செய்வதோடு, அறையின் சுவரிலும் திரையிலும் ஒளி பரப்பிப் படத்தின் கறுப்பையும் வெளுக்கச் செய்யும். சாதாரண எல்.சி.டி. டேப்லெட்டில் கறுப்பும் சற்று ஒளிரவே செய்யும் என்பதால் பிரகாசத்தையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்ற நான்கையும் புளூ-ரே ரிமோட்டின் வண்ணப் பொத்தான்களுக்கே ஒதுக்கிவிட்டு, அலங்காரத்துக்காக வேறெங்கும் அவற்றைத் தெளிக்காதீர்கள்.

தமிழில் பெயர் எழுதுவதாக இருந்தால் (தாயாருக்காக அப்படியே செய்யுங்கள்) சதுரப் பொத்தான்களைக் கைவிட்டு அகலமானவற்றைத் தேர்ந்தெடுங்கள். நம் சொற்கள் நீளமானவை. மேலும் கீழும் நீளும் குறிகளும் உண்டு. ‘வசன எழுத்து’ என்பதைச் சதுரத்துக்குள் திணித்தால் எழுத்து சிறுத்து, படிக்க முடியாமல் போகும்.

கடைசியாக, ஒலியளவு. இதில் மட்டும் தொடுதிரையை நான் முழுமையாக நம்புவதில்லை. வை-ஃபை வழியாகப் போகும் ஒவ்வொரு தட்டலும் முதலில் ரூட்டருக்கும், அங்கிருந்து அகச்சிவப்புக் கருவிக்கும், பின்னர் ரிசீவருக்கும் செல்ல வேண்டியிருப்பதால், அழுத்திப் பிடித்து ஒலியைக் கூட்டும்போது கை எடுத்த பிறகும் ஒலி ஏறிக்கொண்டே போவதுண்டு. சில செயலிகள் டேப்லெட்டின் ஓரத்திலுள்ள ஒலிப் பொத்தான்களையே ரிசீவருக்கு ஒதுக்க இடமளிக்கின்றன. அப்போதும் ஒரு தட்டலுக்கு ஒரு படி என்று வரையறுத்துவிடுங்கள். அது முடியாவிட்டால் ரிசீவரின் பழைய ரிமோட்டைச் சோபாவின் கைப்பிடியிலேயே விட்டுவையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஒரே பொத்தானில் எல்லாக் கருவிகளும் இயங்கும்படி கட்டளைத் தொடர் அமைத்திருக்கிறேன். சில நாட்கள் சரியாக வேலை செய்கிறது. சில நாட்கள், குறிப்பாக மின்தடைக்குப் பிறகு, ஒரு கருவி இயங்கும்போது இன்னொன்று அணைந்துவிடுகிறது. மேலும், 11ஆம் எண் சேனலுக்கு 1, 1 என்று அனுப்பினால் 1 மட்டும் பதிவாகிறது. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: முதல் சிக்கலுக்குக் காரணம், பெரும்பாலான ரிமோட்டுகளின் பவர் பொத்தான் ஒரே கட்டளையை அனுப்புவதுதான்: கருவி அணைந்திருந்தால் இயங்கு, இயங்கிக்கொண்டிருந்தால் அணை. உங்கள் டேப்லெட் கருவியின் நிலையைக் கண்ணால் பார்ப்பதில்லை. தான் கடைசியாக என்ன அனுப்பியது என்பதை மட்டுமே அறியும். மின்சாரம் போய்த் திரும்பும்போது சில கருவிகள் ஸ்டாண்ட்பையில் நிற்கும், சில தாமாகவே இயங்கத் தொடங்கும். அந்த நொடியில் டேப்லெட்டின் கணக்கு பொய்த்துவிடுகிறது.

பல கருவிகளுக்கு ‘இயங்கு’, ‘அணை’ என்று தனித்தனி அகச்சிவப்புக் கட்டளைகளும் உண்டு. உடன் வரும் ரிமோட்டில் அவற்றுக்குப் பொத்தான் இல்லாதிருக்கலாம், ஆனால் கருவி அவற்றைப் புரிந்துகொள்ளும். உங்கள் மாடலின் கட்டளைப் பட்டியலைத் தயாரிப்பாளரின் ஆவணங்களில் தேடுங்கள். உள்ளீடு மாற்றுவதற்கும் இதே விதிதான்: ‘அடுத்த உள்ளீடு’ என்று ஒவ்வொன்றாகத் தாவும் கட்டளையைத் தவிர்த்து, ‘எச்.டி.எம்.ஐ. 2’ என்று நேரடியாகச் செல்லும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். புரொஜெக்டரில் நெட்வொர்க் இணைப்பு இருந்தால் இன்னும் நல்லது. பல நிறுவனங்களின் புரொஜெக்டர்கள் ஏற்கும் பிஜேலிங்க் என்ற பொது நெறிமுறை 4352ஆம் போர்ட் (செயலியில் குறிப்பிட வேண்டிய நெட்வொர்க் வாயில் எண்) வழியாக இயங்குகிறது. அதில் கட்டளை அனுப்புவதோடு, ‘இப்போது இயங்குகிறாயா, குளிர்ந்துகொண்டிருக்கிறாயா’ என்று கேட்டுப் பதிலும் பெறலாம். அந்தப் பதிலையே திரையின் மேல்பட்டையில் காட்டினால், பயன்படுத்துபவர் குழம்ப மாட்டார்.

கட்டளைத் தொடரில் புரொஜெக்டரை முதலில் வையுங்கள். விளக்கு முழு ஒளி பெற அதற்குத்தான் அதிக நேரம் ஆகும். ரிசீவர் இயங்கத் தொடங்கிய சில நொடிகளுக்கு உள்ளீட்டுக் கட்டளையைக் காதில் வாங்காது. அந்த இடைவெளியைத் தாராளமாகவே விடுங்கள். நிறுத்தும்போது பல புரொஜெக்டர்கள் ‘உறுதியா?’ என்று கேட்டு, பவர் பொத்தானை இரண்டாம் முறையும் எதிர்பார்க்கும். ஆகவே அணைக்கும் தொடரில் அதே கட்டளை இருமுறை, நடுவே ஓரிரு நொடி இடைவெளியுடன் இருக்க வேண்டும். புரொஜெக்டருக்குள் இருக்கும் மின்விசிறி நிற்கும்வரை சுவர் ஸ்விட்சை அணைக்காதீர்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள் வழியாகவே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்ற வசதியையும் (ஆனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க் என்று நிறுவனத்துக்கொரு பெயரில் வருவது இதுவே) சோதித்துப் பாருங்கள். ஒரு கருவி மற்றொன்றைத் தானே இயக்குவதும், உங்கள் தொடர் அதையே மறுபடி இயக்க முயல்வதும் மோதிக்கொள்ளும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இரண்டாம் சிக்கல் வேறு வகை. ரிமோட்டுகள் எல்லாம் ஒரே மொழியில் பேசுவதில்லை. என்.இ.சி. முறை 38 கிலோஹெர்ட்ஸ் அலையில் 32 பிட்டுகளை (0 அல்லது 1 என்ற குறிகளை) அனுப்புகிறது. சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸில், ஒரே கட்டளையைக் குறைந்தது மூன்று முறை திரும்பச் சொல்கிறது. பிலிப்ஸ் உருவாக்கிய ஆர்.சி.-5 முறை 36 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. இந்த ஆர்.சி.-5இல் ஒரு பிட், பொத்தானை விட்டு மீண்டும் அழுத்தும் ஒவ்வொரு முறையும் 0, 1 என்று மாறும். அது மாறாமலே இருந்தால், பொத்தான் விடாமல் அழுத்தப்பட்டிருப்பதாகக் கருவி எடுத்துக்கொள்கிறது. ரிமோட்டை நேருக்கு நேர் வைத்து ‘கற்றுக்கொடுத்த’ கட்டளையில் அந்த பிட் ஒரே நிலையில் உறைந்துவிடுவதால், இரண்டாம் 1ஐ உங்கள் பாக்ஸ் முதல் 1இன் தொடர்ச்சியாகக் கொள்கிறது என்றே தோன்றுகிறது. 1 என்ற பொத்தானை இருமுறை தனித்தனியாகக் கற்றுக்கொடுத்து, இரண்டு பதிவுகளையும் மாற்றி மாற்றி அனுப்பிப் பாருங்கள். அல்லது செயலியின் பட்டியலிலிருந்தே அந்த மாடலைத் தேர்ந்தெடுங்கள். அப்போது பிட்டை மாற்றும் பொறுப்பைச் செயலி ஏற்றுக்கொள்ளும்.

சேனல் எண்களை டி.டி.எச். நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதால், எண்ணைப் பல பொத்தான்களில் சிதறவிடாமல் ஒரே இடத்தில் பதிந்து, மற்றவை அதைப் பார்த்துக்கொள்ளும்படி அமைப்பது பின்னால் வேலையைக் குறைக்கும்.

கேள்வி: பழைய பிலிப்ஸ் புரொன்டோ தொடுதிரை ரிமோட் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. வாங்கலாமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: 1998இல் அது வந்தபோது, பொத்தான்களைக் கணினியில் வரைந்து ரிமோட்டுக்கு ஏற்றலாம் என்பதே புதுமையாக இருந்தது; இணையத்தில் அகச்சிவப்புக் கட்டளைகளைப் பகிரும் பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) எண் வடிவத்துக்கு இன்றும் புரொன்டோவின் பெயர்தான் வழங்குகிறது. ஆனால் அந்த ரிமோட் வரிசையை பிலிப்ஸ் 2010இல் கைவிட்டுவிட்டது. லாஜிடெக்கும் தன் ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. சேகரிப்புக்காக என்றால் வாங்குங்கள். அன்றாடப் பயன்பாட்டுக்கு என்றால், புளூடூத்தில் இயங்கும் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை அகச்சிவப்பு மட்டும் அனுப்பும் ரிமோட்டால் நேரடியாக இயக்க முடியாது என்பதையும், பேட்டரிக்கும் உதிரிபாகங்களுக்கும் அலைய வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: ரிமோட்டாக வைத்திருக்கும் டேப்லெட்டை எப்போதும் சார்ஜரிலேயே விட்டுவைக்கலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம். லித்தியம் பேட்டரி வெப்பத்தில், நூறு சதவீதத்திலேயே மாதக்கணக்கில் நின்றால் விரைவில் தேயும்; சில வேளைகளில் உப்பித் திரையையே தள்ளிவிடும். சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உங்கள் மாடலில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் டைமர் உள்ள பிளக் ஒன்றை வாங்கி, தினமும் ஓரிரு மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி வையுங்கள். உப்பல் ஏற்கெனவே தெரிந்தால் சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, சர்வீஸ் சென்டரில் கொடுத்து பேட்டரியை மாற்றுங்கள்.