வாங்குவோர் கேள்வி-பதில்: இடைவேளைப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் காசு கட்டுகிறோம்

உதைபந்தாட்ட லீக் தொடங்கினால் லண்டன் வாசகர்களின் கடிதங்கள் ரிவிச் சந்தா பக்கம் திரும்பிவிடும். நீளமாக வந்தவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தொலைபேசியில் கதைத்து விளையாட்டு அலைவரிசைகளுக்கு 24 மாத ஒப்பந்தம் எடுத்தேன். ஆட்டம் நல்லது. ஆனால் இடைவேளையில் வந்திருந்து கதைப்பவர்களின் தரம் பொறுக்க முடியவில்லை. தரமற்ற சேவை என்று சொல்லி விலகலாமா? (ஹரோ)

பதில்: முடியாது. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தரவேண்டும் என்கிறது. படம் அடிக்கடி நின்றால், தருவதாகச் சொன்ன அலைவரிசை வராவிட்டால் அதைப் பிடித்துக் கேட்கலாம். ஒருவருடைய கருத்தில் சத்தில்லை என்று கேட்க முடியாது. ஒப்பந்தம் எடுத்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் எழுதவேண்டியதே அதுதான். தொலைபேசியிலோ இணையத்திலோ எடுத்திருந்தால் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம், பார்த்த நாட்களுக்கு மட்டும் கட்டவேண்டிவரும். அந்தக் கெடு தாண்டியிருந்தால், இடையில் முறிப்பதற்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: இடைவேளையில் கதைப்பவர்களின் அலட்டலைப் பற்றி, ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் ஒஃப்கொம்முக்கு முறைப்பாடு எழுதினால்? (சவுத்ஹால்)

பதில்: எழுதாமல் விட்டால் முத்திரைச் செலவாவது மிச்சம். தீங்கு, புண்படுத்தல், நியாயமின்மை போன்றவற்றைத்தான் ஒஃப்கொம் பார்க்கும்.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. உங்கள் விளையாட்டுச் சந்தா முடியப்போகிறது, இன்றே கட்டினால் வருடம் முழுவதும் பாதி விலை என்று ஒருவர் அழைத்திருக்கிறார். அப்பா வங்கிக் கணக்கிலிருந்து 190 பவுண் அனுப்பிவிட்டார். நிறுவனத்தைக் கேட்டால் அப்படி யாரும் அழைக்கவில்லை என்கிறார்கள். அப்பா வெட்கத்தில் யாரோடும் கதைக்கிறாரில்லை. (குரொய்டன்)

பதில்: முதலில் அப்பாவுக்குச் சொல்லுங்கள்: வெட்கப்படவேண்டியவர் அவர் இல்லை. இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைத் தேடித்தான் அழைக்கிறார்கள்.

இன்றே 159 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது பெரும்பாலான வங்கிகளின் மோசடிப் பிரிவோடு நேரே இணைத்துவிடும். 2024 ஒக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றப்பட்டு உள்நாட்டுக் கணக்குக்கு அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தரவேண்டும் என்பது விதி. பெரும்பாலும் 5 வேலை நாட்களுக்குள் தரவேண்டும். 100 பவுண் வரை வங்கி கழித்துக்கொள்ளலாம். ஆனால் எளிதில் ஏமாற்றப்படும் நிலையில் இருப்பவர்களிடம் அதைக் கழிக்கக்கூடாது. அப்பாவின் உடல்நிலையையும் தனிமையையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: கடையொன்றில் 60 பவுணுக்கு ரிவியில் செருகிப் பார்க்கும் ஒரு ஸ்டிக் வாங்கினேன். சனிக்கிழமை 3 மணி ஆட்டங்கள் உட்பட எல்லாம் வரும் என்றார்கள். இரண்டு மாதத்தில் நின்றுவிட்டது. காசை எப்படி மீட்பது? (ஈலிங்)

பதில்: மீட்கமுடியும் என்று நான் நம்பவில்லை. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை இந்த நாட்டில் ஆட்டங்களை நேரலையாகக் காட்டுவதில்லை. அதைக் காட்டுவேன் என்று சொல்பவர் திருட்டு ஒளிபரப்பைத்தான் விற்கிறார் என்று அப்போதே தெரிந்திருக்கவேண்டும். அதில் உங்கள் அட்டை விபரம் பதிந்திருந்தால் இன்றே வங்கிக்கு அறிவியுங்கள்.

கேள்வி: மகனுக்கு 13 வயது, பள்ளி அணியில் விளையாடுகிறான். ஆட்டத்தை அலசுகிறவர்களிடமிருந்து ஏதாவது கற்றுக்கொள்வான் என்று நினைத்தேன். அவர்களோ சண்டைதான் பிடிக்கிறார்கள். நல்ல அலசல் எங்கே கிடைக்கும், அதற்குக் காசு கட்டத்தான் வேண்டுமா? (ஈஸ்ட்ஹாம்)

பதில்: இதைப் பற்றி எழுதக் கனநாளாகக் காத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'பண்டிட்' என்று சொல்வது நம் பண்டிதர்தான். யாழ்ப்பாணத்தில் அந்தப் பட்டத்துக்குப் பரீட்சை இருந்தது. இலக்கண இலக்கியங்களை வருடக்கணக்காகப் படித்துத் தேறியவரைத்தான் பண்டிதர் என்றார்கள். இங்கே ஒரு காலத்தில் நன்றாக விளையாடினார் என்பதே போதும் என்றாகிவிட்டது. 1970 உலகக் கிண்ணத்தின்போது ஐடிவி நான்கு பேரை ஸ்டூடியோவில் இருத்தி வாதாட விட்டது. அந்த வாதாட்டம் அப்படியே தங்கிவிட்டது, விஷயம்தான் மெலிந்துபோனது. இடைவேளை 15 நிமிடம். அதில் விளம்பரம் ஒரு பங்கு. மிச்ச நேரத்தில் கோல் விழுந்ததைத் திரும்பக் காட்டி, "அதை அவர் தடுத்திருக்கவேண்டும்" என்கிறார்கள். அதை நானும் பார்த்தேனே! 2019இல் பிரீமியர் லீக்கில், படத்தைத் திரும்பப் பார்த்து நடுவரின் முடிவைச் சரிபார்க்கும் விஏஆர் முறை வந்த பிறகு அந்தக் கொஞ்ச நேரமும் நடுவரின் தீர்ப்புக்கே போகிறது. இடது பின்வரிசைக்காரர் மேலே போனபோது அவருடைய இடத்தை யார் காத்தார், 20 நிமிடத்துக்குப் பிறகு நடுக்களம் ஏன் கைவிட்டுப் போனது: நான் காசு கட்டுவது இதைக் கேட்கத்தான்.

சொல்லத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். கட்டண அலைவரிசையான ஸ்கையின் திங்கள் இரவு நிகழ்ச்சியில் முன்னாள் வீரர்களான கேரி நெவிலும் 2013 முதல் ஜேமி கரகரும் படத்தை நிறுத்தி, தற்காப்பு வீரரின் கண்ணால் ஆட்டத்தைக் காட்டினார்கள். 2021இல் நடந்த, ஐரோப்பிய நாடுகளின் யூரோ போட்டிகளில் ஐடிவியில் எம்மா ஹேய்ஸ் பேசியதைக் கேட்டவர்களுக்கு, தயார்செய்துகொண்டு வந்த ஒரு பயிற்சியாளர் எப்படிப் பேசுவார் என்று தெரியும்.

ஒன்று சொல்லவேண்டும். ஊகம் பிழைத்தால் அலசல் மோசம் என்று அர்த்தமில்லை. 1995 ஓகஸ்டில் மன்செஸ்டர் யுனைடெட் அஸ்டன் விலாவிடம் 3-1 என்று தோற்றபோது, சின்னப் பிள்ளைகளை வைத்து எதையும் வெல்லமுடியாது என்றார் பிபிசியில் ஆட்டத்தை அலசிய முன்னாள் தற்காப்பு வீரர் அலன் ஹான்சன். அந்த அணி அந்தப் பருவத்தில் லீக்கையும் எஃப்ஏ கிண்ணத்தையும் வென்றது. அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்கள். ஆனால் தற்காப்பை அவரைப் போல விளக்கியவர்கள் குறைவு.

இனி உங்கள் காசுக்கு வருகிறேன். பிபிசியின் 'மட்ச் ஒஃப் த டே' நிகழ்ச்சி ரிவி உரிமக் கட்டணத்துக்குள் அடங்கும். திங்கள் இரவு அலசலின் துண்டுகளை ஸ்கை யூடியூபில் இலவசமாகவே போடுகிறது. உலகக் கிண்ணமும் யூரோவும் இலவச அலைவரிசைகளில் வரும். அலசலுக்காக நீண்ட ஒப்பந்தம் எடுக்கவேண்டாம். முக்கியமான ஆட்டத்துக்கு ஒருநாள் சந்தா போதும். அப்புறம், மகனை முதல் 20 நிமிடம் சத்தமில்லாமல் ஒரே ஒரு தற்காப்பு வீரரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு பேசுகிறவர்களைக் கேட்கட்டும். யாருக்கு விஷயம் தெரியும் என்று அவனே சொல்வான்.

கேள்வி: வர்ணனை தெளிவாகக் கேட்கவில்லை. சவுண்ட்பார் வாங்கலாமா? (வெம்பிளி)

பதில்: வாங்குமுன் ரிவியின் ஒலி அமைப்பில் பேச்சைத் தெளிவாக்கும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. கடைக்காரர் சொன்னதை நம்பி 280 பவுணுக்கு வாங்கினேன். அரங்கின் இரைச்சல்தான் கூடியது, பேச்சு இன்னும் அமிழ்ந்துபோனது. கடையில் நேரில் வாங்கியதால், பிடிக்கவில்லை என்று திருப்பிக்கொடுக்கவும் வழியில்லை. இணையத்தில் வாங்குங்கள், பொருள் கைக்கு வந்து 14 நாட்கள் உங்களுக்கு இருக்கும்.

கேள்வி: ஸ்கையில் ஆட்டம் மட்டும்தான் பார்க்கிறேன், பிபிசி பார்ப்பதேயில்லை. ரிவி உரிமம் வேண்டுமா? (லூட்டன்)

பதில்: வேண்டும். எந்த அலைவரிசையானாலும் நேரலையாகப் பார்த்தால் வேண்டும்.

கேள்வி: மாதச் சந்தாவை எப்போது நிறுத்துவது நல்லது? (ஸ்லவ்)

பதில்: மே மாதம் லீக் முடிகிற வாரம். இரண்டு வருடம் ஜூன், ஜூலைக்கும் கட்டிக்கொண்டிருந்தேன், தானாகவே புதுப்பிக்கப்படுவதைக் கவனிக்கவில்லை. இப்போது மே முதலாம் திகதிக்குக் கைப்பேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.