தப்புச் செய்து பழக ஒரு கப்பல்

கேள்வி: ஐயா, நியூயோர்க் பக்கம் கிங்ஸ் பொயின்டில் இருக்கும் அமெரிக்க வணிகக் கடற்துறைக் கல்லூரியின் பயிற்சிக் கப்பலை 2012இல் டெக்சாஸில் உள்ள இன்னொரு கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வாசித்தேன். கிங்ஸ் பொயின்ட் மாணவர்கள் எப்படியும் சரக்குக் கப்பல்களில் ஏறித்தானே பழகுகிறார்கள்? அப்புறம் கல்லூரிக்கென்று தனிக் கப்பல் எதற்கு? இல்லாதவர்களுக்குக் கொடுத்தது நல்லதுதானே? நானும் கப்பல் படிப்புக்குப் போக நினைக்கிறேன்.
– உயர்தர மாணவர் ஒருவர், நோர்வூட்

பதில்: தம்பி, டெக்சாஸ் பிள்ளைகளுக்கும் கப்பல் வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. "எப்படியும் வெளிக் கப்பலில் ஏறுகிறார்களே" என்ற பேச்சைத்தான் என்னால் ஏற்க முடியாது.

சரக்குக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் கப்பல் முதலாளிக்குக் காசு. கப்பலைத் துறையில் அணைக்கும் நேரத்தில் எந்தக் கப்டன் ஒரு மாணவனைக் கூப்பிட்டு, "இந்தா, நீ செய்து பார்" என்பார்? ஓரமாக நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். கல்லூரிக் கப்பல் அப்படியில்லை. நங்கூரத்தைப் பிந்தி இறக்கலாம், திசையைப் பிழையாகக் கணக்கிடலாம், ஆசிரியர் பக்கத்தில் நின்று திருத்துவார், திரும்பவும் செய்யலாம். தப்புச் செய்து பழகத்தான் அந்தக் கப்பல்.

நம்ம ஊர் விசயத்தையே எடு. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கு சென். கூம்ஸ் என்று சொந்தத் தோட்டமும் ஃபெக்டரியும் இருக்கின்றன. பக்கத்திலேயே எத்தனையோ ஃபெக்டரிகள் இருக்கும்போது அது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அரைத்த கொழுந்து எப்போது பதத்துக்கு வந்தது என்று டீமேக்கர் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்துச் சொல்லிவிடுவார். அந்த மூக்கு வருவதற்குள் சில பிடிகள் புளித்துப் போகத்தான் செய்யும். கொழும்பு ஏலத்துக்குத் தேயிலை அனுப்ப அவசரப்படும் ஃபெக்டரி அதைப் பொறுக்குமா?

இந்த விசயத்தில் எனக்குப் பழைய மனத்தாங்கல் ஒன்றும் உண்டு. நான் உயர்தரம் படித்த தோட்டப் பாடசாலையில் ஒரேயொரு நுணுக்குக்காட்டி இருந்தது. மரப்பெட்டிக்குள் பச்சைத் துணி சுற்றி வைத்திருப்பார்கள். கண்காட்சிக்கு என்று டவுனில் உள்ள பெரிய பாடசாலை ஒன்று அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனது. திரும்பி வரவில்லை. கேட்டதற்கு, "இங்கே பிள்ளைகள் அதிகம், உங்கள் பிள்ளைகளும் வந்து பார்க்கலாமே" என்றார்கள். ஒரு நாள் போனோம். வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு தரம் கண்ணை வைத்தோம். வெங்காயத் தோலை நாமே உரித்து வழுக்கியில் வைத்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மங்கலாகத் தெரிந்த கலம் தெளிவாக வருவதைக் காணும் அந்த வேலை எங்கள் கைக்குக் கிடைக்கவே இல்லை. பரீட்சையில் புத்தகத்துப் படத்தைத்தான் வரைந்தேன்.

சரி, கப்பலுக்கு வருவோம். அது 1980களில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டப்பட்டது. நீர்மூழ்கிகளின் சத்தத்தை ஒட்டுக் கேட்பது அதன் வேலை. 224 அடி நீளம். 1992இல் கல்லூரிக்கு வந்து 'கிங்ஸ் பொயின்டர்' ஆனது. இருபது ஆண்டுகள் கழித்து டெக்சாஸுக்குப் போய் 'ஜெனரல் ரடர்' ஆனது. கல்லூரிக்கு மாற்றாகக் கிடைத்தது நாசாவின் 'லிபர்ட்டி ஸ்டார்'. விண்ணோடத்தின் ரொக்கட்டுகள் கடலில் விழுந்த பிறகு இழுத்துவந்த கப்பல் அது, 176 அடிதான். கப்பல் அரசாங்கத்தின் சொத்து, யாருக்குக் கொடுப்பது என்பதும் அதன் இஷ்டம். ஆனால் இரண்டு இடத்தில் தேவை இருந்தால் இரண்டாவது கப்பலைத் தேட வேண்டும். ஒருவர் கையில் இருப்பதைப் பிடுங்கி மற்றவரிடம் கொடுத்துவிட்டு அதற்குப் பங்கீடு என்று பெயர் வைக்கக் கூடாது. பிற்பாடு அமெரிக்க அரசாங்கமே அந்த வழிக்கு வந்தது. பிலடெல்பியாவில் ஐந்து புதிய பயிற்சிக் கப்பல்களுக்கு ஓடர் கொடுத்தது. நியூயோர்க், மசாசூசெட்ஸ், மேய்ன், டெக்சாஸ், கலிபோர்னியா மாநிலக் கல்லூரிகளுக்கு ஆளுக்கொன்று. ஒவ்வொன்றும் 525 அடி, 600 மாணவர்கள் தங்கலாம். முதலாவது 2023இல் நியூயோர்க்குக்குப் போய்ச் சேர்ந்தது.

நீ கப்பல் படிப்புக்குப் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனித்துக்கொள். அங்கீகரிக்கப்பட்ட பாடநெறியோடு தளப் பிரிவு அதிகாரியாக, அதாவது கப்பலைச் செலுத்தும் அதிகாரியாக வர, குறைந்தது 12 மாதக் கடற்சேவை வேண்டும் என்பது சர்வதேச விதி. அதில் ஆறு மாதமாவது மேற்பார்வையின் கீழ் கப்பலின் பாலத்தில், அதாவது கப்பலைச் செலுத்தும் அறையில், முறை வைத்துக் கண்காணிப்பு வேலை பார்த்திருக்க வேண்டும். வகுப்பை முடித்துவிட்டு, ஏறக் கப்பல் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் அப்பா கடன் வாங்கி முதல் தவணையைக் கட்டுவதற்கு முன்பே கேள்: "என்னை எந்தக் கம்பனியின் கப்பலில், எப்போது ஏற்றுவீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்கு. எழுதித் தரத் தயங்கினால் காசைக் கட்டாமல் திரும்பி வா.