ஹெட்டைச் சீவினால் பிக்கப் கூடுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மாதம் ஒருமுறை பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போய் வருகிறேன். ஆழியாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே வண்டி திணறுகிறது. மெக்கானிக் மூன்று சிலிண்டரிலும் கேஜ் வைத்துப் பார்த்து 150, 145, 105 என்று சொன்னார். “கம்ப்ரஷன் இறங்கிப் போச்சு, ஹெட்டை, அதான் எஞ்சினோட மேல்மூடியை, கழற்றி லேத் பட்டறையில அரை மில்லி சீவிட்டா 8.7 இருக்கிறது 10 ஆயிடும், அப்புறம் 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டு ஓட்டுங்க” என்கிறார். எல்லாம் சேர்த்து 14 ஆயிரம் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அவர் கேஜில் பார்த்துச் சொன்ன கம்ப்ரஷன் வேறு, லேத்தில் கூட்டித் தருகிறேன் என்கிற கம்ப்ரஷன் வேறு. இரண்டுக்கும் நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரே பெயர் வைத்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பம், இதில் காசு விட்டவர்கள் நிறைய.

கேஜ் காட்டுவது அழுத்தம். பிஸ்டன் ரிங், வால்வு, ஹெட் கேஸ்கெட் இதில் எது தேய்ந்தாலும் காற்று ஒழுகி அது இறங்கும். 8.7 என்பது விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே இருக்கும் மொத்த இடத்தை, அது உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது. ஓட ஓட அது குறையாது. பழைய எஞ்சினில் கரி படிந்து மேலே இடம் சுருங்குவதால் கொஞ்சம் கூடியேகூட இருக்கும்.

சரி, அந்த அரை மில்லிக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். உங்கள் எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72. ஆக ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. விகிதம் 8.7 என்றால் உச்சியில் மிஞ்சும் இடம் 34.5 சிசி, அதை 10 ஆக்க 29.5-க்குக் கொண்டுவர வேண்டும், அதாவது 5 சிசி குறைய வேண்டும். அரை மில்லி சீவினால் எவ்வளவு தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 1.8 சிசிதான் குறையும், விகிதம் 9.1-க்கு மேல் போகாது. அந்த 9.1-க்குக் கிடைக்கும் ஆதாயம் ஏட்டுக் கணக்குப்படி ஒன்றரை சதவீதம்கூட இல்லை. 37 குதிரைத்திறன் வண்டியில் அது அரைக் குதிரை. ஏற்றத்தில் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நிஜமாகவே 10 வேண்டுமானால் 1.4 மில்லிக்குக் குறையாமல் சீவ வேண்டும். அப்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறைகிறது, டைமிங் பெல்ட் ஓடும் தூரம் குறைந்து, வால்வு திறந்து மூடும் நேரம் (கேம் டைமிங்) பின்தங்குகிறது, ஹெட்டும் மெலிந்து சீக்கிரம் வளையப் பார்க்கும். இத்தனைக்கும் ஈடாகக் கிடைப்பது ஏட்டில் 4 சதவீதம், ரோட்டில் அதற்கும் குறைவு. அதுபோக உங்கள் வண்டியில் நாக் சென்சார் கிடையாது. வெயில் நேரத்தில், மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டரோடு கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, ஸ்பார்க் போட்ட தீ பரவி முடிப்பதற்குள் மூலையில் மிஞ்சிய கலவை தானே பற்றி வெடித்தால் (தட்டல் என்பது இதுதான்) அதை உணர்ந்து ஸ்பார்க் விழும் டைமிங்கைக் குறைக்க அங்கே ஆள் இல்லை. அதனால்தான், அப்படித் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் 100 ஆக்டேன் போடச் சொல்கிறார். அந்தப் பெட்ரோல் லிட்டர் 150 ரூபாயைத் தாண்டும், எல்லா பங்க்கிலும் கிடைக்காது. கிடைக்காத அன்று டைமிங்கைக் குறைத்து ஓட்ட வேண்டும், அப்படிக் குறைத்தால் சீவியதால் வந்த ஆதாயமும் அதோடு போயிற்று.

என் பழைய காரில் ஒரு பட்டறை இப்படி அளவு பார்க்காமல் ஹெட்டை இரண்டு முறை சீவியது. ஏற்றத்தில் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம் வரும். ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது ஒரு பிஸ்டனின் தலை ஓரத்தில் எறும்பு அரித்தது போலக் குழிகள். அந்தப் பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

உங்களுக்கு வேண்டிய பதில் அந்த 105-இல் இருக்கிறது. மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று இவ்வளவு இறங்கியிருந்தால் திணறாமல் என்ன செய்யும்? அந்தச் சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி கேஜ் வைக்கச் சொல்லுங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். வால்வு என்றால் முதலில் அதன் கிளியரன்ஸை (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் உள்ள இடைவெளியை) அட்ஜஸ்ட் செய்து பார்க்கலாம், அதற்குப் பெரிய செலவு கிடையாது. அதில் சரியாகாவிட்டால் ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் போட்டு, கரியைச் சுரண்டி, புதுக் கேஸ்கெட் வைத்தால் போதும். அப்போது ஹெட் வளைந்திருந்தால் சமமாவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஃபேஸிங் போடலாம், அதில் தப்பில்லை. இன்னொன்று, எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் கலவை மெலிந்து எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் பெட்ரோல் ரப்பர் ஹோஸையும் அதே சமயம் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 2020-இல் வந்த டிசையரில் கம்ப்ரஷன் விகிதம் 12 என்று போட்டிருக்கிறார்கள், அது சாதா பெட்ரோலில்தானே ஓடுகிறது? பழைய எஞ்சினுக்கு மட்டும் ஏன் 10 ஆகாது?

பதில்: 12 என்பதற்காகவே அந்த எஞ்சினைச் செதுக்கியிருக்கிறார்கள். சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர், குளிரவைத்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப உள்ளே விட்டு எரியும் சூட்டைத் தணிக்கும் ஏற்பாடு, தட்டல் தொடங்கினதுமே டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும் கம்ப்யூட்டர். மஸ்தா 2011-இல் ஜப்பானில் விற்ற டெமியோவில் 14 வரைக்கும் போய், அந்த ஊர் சாதா பெட்ரோலிலேயே ஓட்டிக் காட்டியது. பழைய ஹெட்டைச் சீவினால் விகிதம் மட்டும் ஏறும், இதில் ஒன்றும் கூட வராது.

கேள்வி: என் கார் சாதா மாடல். பிரீமியம் பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா? ஒரு அமெரிக்க வீடியோவில் 91-ஐப் பிரீமியம் என்கிறார்கள், இங்கே 91-தானே சாதாவாக இருந்தது? ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்கலாமா?

பதில்: ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் இல்லை, அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் தன்மை. கையேட்டில் 91 போதும் என்றிருந்து, வண்டியும் தட்டாமல் ஓடினால், கூடுதல் ஆக்டேனால் பலன் இல்லை. அமெரிக்க பங்க்கில் எழுதுவது இரண்டு விதமான சோதனை எண்களின் சராசரி, நம் பங்க்கில் இருப்பது அதில் பெரிய எண் மட்டும். அவர்களுடைய 87 நம் கணக்கில் 91-க்குப் பக்கத்தில் வரும், அவர்களுடைய 91 நம் கணக்கில் 95-96. பாட்டில் வாங்குவதற்கு முன்னால் லேபிளைப் படியுங்கள். “5 பாயிண்ட் கூடும்” என்றிருந்தால் 91 ஏறி 96 ஆகும் என்று நினைத்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அந்த வியாபாரத்தில் ஒரு பாயிண்ட் என்பது ஆக்டேனில் பத்தில் ஒரு பங்கு. டேங்கில் 91 இருந்தால், முழுப் பாட்டிலையும் ஊற்றிய பிறகு இருப்பது 91.5.